கேம் நடுவில் கொம்பியூட்டர் நிற்கிறதா? கார்ட்டை மாற்றுமுன் சுவரைப் பாருங்கள்

மல்லாவியிலிருந்து ஒரு தம்பி தன் கொம்பியூட்டரைச் சாறத்தால் சுற்றி, மோட்டார் சைக்கிள் டாங்கியின் மேல் அணைத்துக்கொண்டு கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்தான். "அண்ணை, கிராபிக்ஸ் கார்ட் போயிட்டுதாம். பின்னேரம் கேம் போட்டா அரை மணித்தியாலத்தில பட்டெண்டு நிண்டிடுது. புதுசு வாங்கத்தான் வேணுமெண்டு சொல்லுகினம்." பாகங்களைப் பார்த்துப் பார்த்து வாங்கி, யூடியூப் பார்த்துத் தானே பூட்டியவன். முகத்தில் செத்தவீட்டுக் களை.

என் மேசையில் வைத்து அதே கேமை மூன்று மணித்தியாலம் ஓடவிட்டேன். ஒரு விக்கல்கூட இல்லை. கேமின் படத்தை வரையும் கார்ட்டின் சூடு சரி, தற்காலிக நினைவகமான ராம் சரி, எல்லாம் சரி. திருப்பிக் கொடுத்தேன். அன்று பின்னேரமே போன்: "திரும்ப நிண்டிட்டுது அண்ணை."

ஞாயிற்றுக்கிழமை நேரே போய்ப் பார்த்தேன். அறையில் ஒரே ஒரு பிளக். அதிலிருந்து நீண்ட எக்ஸ்டென்சன் வயர் ஒன்று, அதில் கொம்பியூட்டர், மொனிற்றர், மேசைவிசிறி, ரவுட்டர். பிளக்கைக் கழற்றினால் ஒரு துளை ஓரம் கறுத்து உருகியிருந்தது. வெளியே அம்மா கத்தரிக்குத் தண்ணீர் விடக் கிணற்று மோட்டரைப் போட்டார். அறை லைட் ஒரு கணம் மங்கி எழும்பியது. கொம்பியூட்டர் நின்றது. கார்ட்டுக்கு ஒன்றுமில்லை. பழுது சுவரில் இருந்தது.

இந்தக் கட்டுரை அந்தத் தம்பி போன்றவர்களுக்கு. முதன்முதலாகக் கேமிங் கொம்பியூட்டர் பூட்டியவர்கள், மாற்றிப் போட்டுப் பார்க்க வீட்டில் இரண்டாவது கார்ட்டோ, சுவர்க் கறண்டைப் பாகங்களுக்கு மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளையோ இல்லாதவர்கள், ஏதாவது ஒரு பாகம் தேவைப்பட்டால் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரும்வரை காத்திருக்க வேண்டியவர்கள். வெளிநாட்டு வீடியோக்கள் "ஒரு நல்ல பவர் சப்ளை போட்டுச் சோதியுங்கள்" என்று இலகுவாகச் சொல்லிவிட்டுப் போகும். நமக்கு அந்த வசதி இல்லை. அதனால் காசு செலவாகாத சோதனைகளை முதலில் வைத்திருக்கிறேன்.

எப்படி நின்றது?

ஒரு வாரத்துக்கு ஒரு கொப்பி வையுங்கள். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் திகதி, நேரம், என்ன கேம், தொடங்கி எத்தனை நிமிடம், எப்படி நின்றது என்று எழுதுங்கள். இது வேண்டாத வேலை என்று தோன்றும். ஆனால் பாதி விடை அந்தக் கொப்பியிலேயே வந்துவிடும்.

லைட்டை நூர்த்ததுபோல ஒரே கணத்தில் எல்லாம் இருண்டு, விசிறியும் நின்றால் அல்லது தானாக மீண்டும் ஓன் ஆகினால், கறண்ட், பவர் சப்ளை, அல்லது கடும் சூடு. நீலத் திரை வந்து ஏதோ பெயர் காட்டினால் ராம், டிரைவர் (பாகத்தை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்), சில வேளை கொம்பியூட்டரின் மூளையான புரோசெசர். படம் அப்படியே உறைந்து சத்தம் "ட்ட்ட்ட்" என்று ஒரே இடத்தில் இழுத்தால் கார்ட், ராம் இரண்டையும் சந்தேகியுங்கள். கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டொப் தெரிந்தால் அவசரப்பட்டு ஸ்குரூட்றைவரை எடுக்க வேண்டாம். பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவர், கேமின் பழுதான பைல், அல்லது ஓவர்குளொக் (பாகத்தை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவது).

நேரத்தையும் பாருங்கள். நடுமத்தியானம் நின்று இரவு பத்துக்குப் பிறகு ஒழுங்காக ஓடினால் சூடு. பின்னேரம் ஆறரையிலிருந்து பத்தரைவரை மட்டும் தகராறு என்றால், ஊர் முழுக்கக் கறண்ட் இழுக்கும் உச்ச நேரம் அது. சுவரில் வோல்ட் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். எந்த நேரமும் எந்த ஒழுங்கும் இல்லாமல் நின்றால் ராமிலிருந்து தொடங்குங்கள்.

விண்டோஸும் தன் கொப்பியில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. ஸ்டார்ட்டில் "ரிலையபிலிட்டி" என்று ஆங்கிலத்தில் தட்டினால் நாள்வாரியாக ஒரு வரைபடம் வரும். சிவப்புக் குறி உள்ள நாளை அமத்துங்கள். அதைவிட விபரமாக, விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதி. அங்கே "கேர்னல்-பவர் 41" என்பதைக் கண்டதும் பவர் சப்ளை பழுது என்று முடிவெடுப்பவர்கள் ஏராளம். அதன் அர்த்தம் அதுவல்ல: "போனமுறை ஒழுங்காக மூடாமல் நின்றது" என்பது மட்டுந்தான். நீங்கள் பிளக்கைக் கழற்றினாலும் அதுதான் வரும். அதன் உள்விபரத்தில் பக்செக் கோட் (நீலத் திரையின் பிழை இலக்கம்) பூச்சியம் என்றிருந்தால், நீலத் திரையைப் பதியக்கூட நேரமில்லாமல் நின்றிருக்கிறது; கறண்ட், சூடு, அல்லது முழு உறைவு. பூச்சியம் இல்லாத இலக்கம் இருந்தால் நீலத் திரை வந்திருக்கிறது.

நீலத் திரை கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்தால், சிஸ்டம் செற்றிங்கில் அட்வான்ஸ்ட் பகுதிக்குப் போய் "தானாக ரீஸ்டார்ட்" என்ற சரியை எடுத்துவிடுங்கள். இனித் திரை நிற்கும், போனால் படம் எடுக்கலாம். "மெமரி மனேஜ்மென்ட்" என்றால் முதலில் ராம். "வீடியோ டிடிஆர்" என்றால் கிராபிக்ஸ் டிரைவர் அல்லது கார்ட். கார்ட் இரண்டு செக்கன் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதை மீட்கப் பார்க்கும், மீட்க முடியாதபோது வரும் திரை அது. "வியா அன்கரெக்டபிள் எரர்" என்றால் வன்பொருளே முறையிடுகிறது: புரோசெசர், அதற்கு வரும் வோல்ட், சூடு, ஓவர்குளொக்.

சுவர்

நம் வீட்டுக் கறண்ட் 230 வோல்ட், மேலும் கீழும் 6 வீதம். அதாவது ஏறக்குறைய 216 தொடங்கி 244 வரை. மோட்டர் தொடங்கும் அந்த ஒரு கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கறண்டை இழுக்கும். லைனும் நீளம், வயரும் மெல்லிசு என்றால் வோல்ட் விழும். பவர் சப்ளைக்குள் இருக்கும், கறண்டைச் சேர்த்து வைக்கும் பெரிய கப்பாசிற்றர் அந்த இடைவெளியைத் தாங்கத்தான் இருக்கிறது. ஆனால் முழுப் பாரத்தில் அது தாங்குவது ஒரு செக்கனில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. படம் பார்க்கும்போது நிற்காதது கேமில் நிற்பதன் காரணம் இதுதான்: பாரம் கூடினால் தாங்கும் நேரம் குறையும். மல்லாவித் தம்பிக்கு நடந்ததும் அதுதான்.

செய்ய வேண்டியது: கொம்பியூட்டரை எக்ஸ்டென்சன் இல்லாமல் நேரே சுவர்ப் பிளக்கில் போடுங்கள். மோட்டர், பிரிட்ஜ், அயன்பொக்ஸ் ஆகியவை இல்லாத வேறு அறையின் பிளக்காக இருந்தால் இன்னும் நல்லது. பிளக் இளகி ஆடுகிறதா, தொட்டால் சுடுகிறதா, துளை கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். கறுத்திருந்தால் அதை மாற்றாமல் வேறு ஒன்றையும் சோதிக்க வேண்டாம். மல்ரிமீற்றர் வைத்து வோல்ட் பார்ப்பது பழகியவர் வேலை. பழக்கம் இல்லாவிட்டால் வயரிங் செய்பவரைக் கூப்பிடுங்கள்.

இனி எர்த். கேஸின் இரும்பில் வெறுங்காலோடு நின்று கை வைத்தால் "சுள்" என்று ஊருகிறதா? "கேஸ் கறண்ட் அடிக்குது, பவர் சப்ளை லீக்" என்று கழற்றி எறிய வேண்டாம். பவர் சப்ளையின் வாயிலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கப்பாசிற்றர்கள் இருக்கும். அவை தங்கள் கசிவை எர்த்துக்கு அனுப்பும்படி செய்யப்பட்டவை. எர்த் இல்லாத வீட்டில், அல்லது மூன்று கம்பிப் பிளக்கை இரண்டு துளையில் செருகும் அடப்டர் போட்ட வீட்டில், அந்தக் கசிவு போக இடமில்லாமல் கேஸில் நிற்கும். அளந்தால் பாதி வோல்ட், 115 அளவில் காட்டும். கறண்ட் சொற்பம், ஆனாலும் எச்டிஎம்ஐ வயரைச் செருகும் கணத்தில் போர்ட்டை எரித்த கதைகள் உண்டு. அடப்டரை எறியுங்கள். எர்த் கம்பி பிடித்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஆடி ஆவணியில் வயல் வெடித்துக் கிடக்கும் காலத்தில் எர்த் கம்பியைச் சுற்றிய மண்ணும் காய்ந்து அதன் பிடிப்புக் குறையும். மழையில் ஒழுங்காக இருந்தது கோடையில் ஊருவது அதனால்தான்.

யூபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். அதன் பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள். 650 விஏ என்று பெரிதாக இருக்கும். பக்கத்தில் சின்ன எழுத்தில் 360 வாட்ஸ் என்றிருக்கும். சிலவற்றில் அதுவும் இல்லை. கேமில் 300 வாட்ஸுக்கு மேல் இழுக்கும் கொம்பியூட்டரும் மொனிற்றரும் அதில் ஏறினால், கறண்ட் போன கணம் யூபிஎஸ் கையை விரித்துவிடும். இரண்டு மூன்று வருடம் பழைய பற்றரி என்றால் சொல்லவே வேண்டாம். ஒரு நாள் யூபிஎஸ்ஸைக் கழற்றி வைத்துவிட்டு நேரே சுவரில் ஓடிப் பாருங்கள். தகராறு தீர்ந்தால் குற்றவாளி அதுதான்.

போர்க்காலத்தில் பற்றரியே வராமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனம் நாங்கள். கறண்டைப் பற்றி யோசிக்காமல் ஆயிரம் வாட்ஸ் கேமிங் பற்றிப் பேசுவது நமக்குப் பொருந்தாது.

மின்னலுக்கு ஒரு வரி: ஐப்பசி கார்த்திகையிலும் பங்குனி சித்திரையிலும் பின்னேர இடி குமுறத் தொடங்கினால் சுவிட்சை நூர்ப்பது போதாது. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். ரவுட்டரிலிருந்து வரும் லான் வயரையும் கழற்றுங்கள். பலர் மறப்பது அது.

பவர் சப்ளை

பெட்டியில் "80 பிளஸ்" என்றிருந்தால் அது சிக்கனத்துக்கான சான்று. சுவரிலிருந்து எடுப்பதில் எவ்வளவை வீணாக்காமல் தருகிறது என்பதுதான் கணக்கு. தரம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு அது உத்தரவாதம் இல்லை. கேஸோடு இலவசமாக வரும் பெயரில்லாத பவர் சப்ளையில் 500 என்று எழுதியிருப்பதை நம்பிக் கார்ட் வாங்க வேண்டாம். ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை அம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்குங்கள். அதுதான் உண்மையான பலம். 500 என்று எழுதிவிட்டு 12 வோல்டில் 25 அம்பியர் மட்டும் தருவது 300 வாட்ஸ் பெட்டிதான்.

ஆர்டிஎக்ஸ் 3060 கார்ட்டின் கணக்கு 170 வாட்ஸ், அதன் சிப்பைச் செய்யும் என்விடியா சொல்லும் பவர் சப்ளை 550 வாட்ஸ். இடையில் ஏன் இவ்வளவு என்றால், புரோசெசரும் மற்றதும் ஒரு பங்கு. மிச்சம், கார்ட் மில்லிசெக்கன் அளவில் தன் கணக்கைத் தாண்டிப் பாய்வதற்கு. சராசரியைப் பார்த்து வாங்கியவன் அந்தப் பாய்ச்சலில் விழுகிறான்.

வயர்களைப் பாருங்கள். கார்ட் பூட்டும் துளை 75 வாட்ஸ் தரும், 8 பின் வயர் 150. கார்ட்டில் இரண்டு 8 பின் வாய் இருந்தால் ஒரே வயரின் இரட்டை வாலைச் செருகாமல் இரண்டு தனி வயர் கொடுங்கள். புரோசெசருக்கான 8 பின் வயர், எல்லாப் பாகமும் பூட்டும் பலகையான மதர்போட்டின் மேல் மூலையில். கார்ட்டின் 8 பின்னும் அதுவும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஒன்றல்ல. புதிய கார்ட்டுகளின் 16 பின் வாயைக் "கிளிக்" என்று இருக்கும்வரை முழுதாகத் தள்ளுங்கள். 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்ட்டுகளின் வாய் உருகிய செய்திகளில் முழுதாகச் செருகாததும் ஒரு காரணமாகக் கண்டறியப்பட்டது. கழற்றிப் பூட்டும் வயர் உள்ள பவர் சப்ளை என்றால், பழைய பவர் சப்ளையின் வயரைப் புதியதில் போடவே வேண்டாம். வாய் பொருந்தும், உள்ளே கம்பி ஒழுங்கு வேறு. ஒரே செக்கனில் ஹார்ட் டிஸ்க் புகைந்துவிடும்.

இப்போது காசில்லாச் சோதனை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர் என்ற மென்பொருளைப் போட்டு, கார்ட் இழுக்கும் வாட்ஸின் எல்லையான பவர் லிமிட்டை 70 வீதத்துக்கு இறக்குங்கள். கேமில் பிரேம் ரேட்டை (செக்கனுக்கு எத்தனை படம் என்பதை) 60இல் கட்டுங்கள். இப்படி இரண்டு நாள் ஓடிப் பாருங்கள். கொம்பியூட்டர் நடுவில் நிற்பது இல்லாமல் போனால் பவர் சப்ளை அல்லது சூடு. ராமும் டிரைவரும் பெரும்பாலும் தப்பித்தன. மாற்றுப் பவர் சப்ளை கடன் வாங்க முடியாதவனுக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. புதியது வாங்கும்வரை இப்படியே விளையாடவும் செய்யலாம். படத்தில் வித்தியாசம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது.

பவர் சப்ளையைத் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே 300 வோல்டுக்கு மேல் நிற்கும்.

சூடு, புழுதி, எறும்பு

யூடியூப்காரர் ஒருவர் "68 பாகை, அருமை" என்று காட்டும்போது அவர் அறை குளிரூட்டியில் 22 பாகை. உள்ளே வீசுவது அறைக் காற்றுத்தான். அறை எவ்வளவு கூடியதோ உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். தகரக் கூரையின் கீழ் பங்குனி மத்தியானம் அறை 35 என்றால் அந்த 68 நமக்கு 80ஐத் தாண்டும். அதற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் வாங்கும்போது அந்தப் பதின்மூன்று பாகையைக் கணக்கில் வையுங்கள்.

சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்போ என்ற மென்பொருளைப் போட்டு, கேமோடு அரை மணித்தியாலம் ஓடவிட்டு, "உச்சம்" வரிசையைப் பாருங்கள். ஏஎம்டியின் ரைசன் 5 5600 புரோசெசரின் எல்லை 90 பாகை. ரைசன் 7000 வரிசை 95வரை போவது அதன் இயல்பு. இன்டெல்லின் பல புரோசெசர்களுக்கு 100. எல்லையைத் தொட்டவுடன் முதலில் வேகத்தைத்தான் குறைக்கும், உடனே நிற்காது. ஆகவே "மந்தமாகி மந்தமாகிப் பிறகு நிற்கிறது" என்றால் சூடு, "சொல்லாமல் நிற்கிறது" என்றால் மீண்டும் கறண்ட் பக்கம் போங்கள். வேலை இல்லாமலே புரோசெசர் 80இல் நிற்கிறதா? கூலரைக் கழற்றிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்ரிக் தாள் இன்னும் அப்படியே இருக்கும். சிரிக்க வேண்டாம், மூன்று முறை கண்டிருக்கிறேன். அதில் ஒன்று என்னுடையது.

கிரவல் ரோட்டோரம் வீடு என்றால் மாதம் ஒருமுறை தூசு தட்டுங்கள். முன்பக்க வலையில் சிவப்புப் புழுதி கம்பளிபோலப் படியும். பிளக்கைக் கழற்றி, விறாந்தைக்குக் கொண்டுவந்து, விசிறி இறகை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு புளோவர் அடியுங்கள். பிடிக்காமல் அடித்தால் இறகு கட்டுமீறிச் சுற்றிப் போல்பெயாரிங் போகும். ஈரத்துணி வேண்டாம். எறும்பு கண்டால் பக்கத்தில் தேத்தண்ணி சிந்தியிருக்கிறதா என்று பாருங்கள். சூடான மூலையில் முட்டையோடு குடியேறும். பூச்சி மருந்தை உள்ளே அடிப்பதைவிட மேசைக் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டையில் நிறுத்துவது பழைய வைத்தியம், இன்றும் பலிக்கிறது. பல்லி ஒன்று பவர் சப்ளை விசிறியில் சிக்கிய கதையை விடுகிறேன். பின்பக்கம் நுணுக்க வலை ஒட்டுங்கள், போதும்.

ராம்

இது பொறுமை வேலை. ஒழுங்கு தவறாமல் செய்யுங்கள்.

முதலில், விண்டோஸுக்கு முன்னே வரும் மதர்போட்டின் செற்றிங் திரையான பயோஸுக்குப் போய் எக்ஸ்எம்பி, ஏஎம்டி என்றால் எக்ஸ்போ அல்லது டிஓசிபி, எதுவாக இருந்தாலும் நிறுத்துங்கள். பெட்டியில் 3200, 3600 என்று எழுதியிருப்பது அந்தச் செற்றிங் போட்டால் வரும் வேகம். அது ஒருவகை ஓவர்குளொக். அடிப்படை வேகத்தில் இரண்டு நாள் நிற்காமல் ஓடினால், ராம் செத்துவிடவில்லை, அந்த வேகத்தை உங்கள் மதர்போட்டும் புரோசெசரும் தாங்கவில்லை. ஒரு படி குறைத்துப் போட்டால் முடிந்தது.

அடிப்படை வேகத்திலும் நின்றால், ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐப் பென்ட்ரைவில் ஏற்றி, இரவு படுக்குமுன் ஓடவிடுங்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். காலையில் ஒரேயொரு சிவப்பு வரி இருந்தாலும் தோல்விதான். "ஒண்டுதானே" என்று விடக்கூடாது. பிறகு ஒரு ராமை மட்டும் வைத்து ஓடுங்கள், மற்றதை வைத்து ஓடுங்கள். புரோசெசரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது துளையில் வையுங்கள். இரண்டு ராம் என்றால் இரண்டாவதும் நான்காவதும். ஒன்றாவதிலும் இரண்டாவதிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு "ஏன் வேகம் இல்லை" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சோதனையில் தோற்ற ராமை எறியுமுன் அதன் பொன்னிறப் பற்களைப் பாருங்கள். மாரிக்குப் பிறகு மங்கலான ஒரு படலம் தெரியும். புது வெள்ளை அழிறப்பரால் மெதுவாக ஒரே திசையில் தேய்த்து, தூளை ஊதாமல் தூரிகையால் தட்டி, இரண்டு பக்கமும் "டக் டக்" என்று பூட்டும்வரை அழுத்துங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும். எனக்கு வந்த "செத்த" ராம்களில் பல இப்படி எழும்பியிருக்கின்றன.

முதலில் ஒரு 8 ஜிபி வாங்கிவிட்டு, ஆறு மாதம் கழித்து வேறு பெயரில் இன்னொரு 8 ஜிபி வாங்கிச் சேர்ப்பது நம் பக்கம் வழக்கம். பெரும்பாலும் ஓடும். ஓடாதபோது இரண்டும் தனித்தனியே நல்லதாக இருந்து, சேர்ந்தால் மட்டும் சண்டை பிடிக்கும். முடிந்தால் ஒரே பெட்டியில் இரட்டையாக வாங்குங்கள். புதிய வகை ராமான டிடிஆர்5இல் நான்கு போட்டால் வேகம் கீழே இறங்கும்; ரைசன் 7000க்கு இரண்டு ராமில் 5200 என்பது நான்கில் 3600 என்று ஏஎம்டியே சொல்கிறது. டிடிஆர்5 போட்டு முதன்முறை ஓன் செய்யும்போது திரை பல நிமிடம் இருண்டே கிடக்கும், தன்னைப் பழக்கிக்கொள்கிறது. பயந்து நூர்க்க வேண்டாம், போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வாருங்கள்.

கார்ட்டும் டிரைவரும்

கடைசியில்தான் கார்ட்டுக்கு வருகிறோம். டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டோலர் என்ற சின்ன மென்பொருளை, விண்டோஸ் அத்தியாவசியமானவற்றோடு மட்டும் ஓடும் சேஃப் மோடில் ஓட்டிப் பழைய டிரைவரை வழித்துத் துடைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். புதிய டிரைவரை இரவு நேர டேட்டாவில் முதலே இறக்கிப் பென்ட்ரைவில் வைத்திருங்கள். துடைத்த பிறகு இன்டர்நெட் இல்லாமல் முழிக்க வேண்டாம். மிகப் புதிய டிரைவரிலேயே தகராறு தொடங்கியிருந்தால் ஒன்றிரண்டு பதிப்புப் பின்னால் போங்கள்.

பூட்டிய கொம்பியூட்டர் கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸின் வயிற்றில் குலுங்கி வந்ததா? கார்ட்டைக் கழற்றித் திரும்பப் பூட்டுங்கள். ஒரு கிலோ எடை அந்த ஒரு துளையில் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறது. பாவித்த கார்ட் வாங்குபவர்கள், விற்பவர் வீட்டிலேயே அரை மணித்தியாலம் கேம் ஓட்டிப் பார்க்காமல் காசைக் கொடுக்க வேண்டாம்.

வாங்குமுன் பொருத்தம் பார்ப்பது

சாதகப் பொருத்தத்துக்குக் காட்டும் சிரத்தையில் பாதியை இங்கே காட்டினால் போதும். புரோசெசர் பூட்டும் வாய் பல வகை: ஏஎம்4 மதர்போட்டில் ஏஎம்5 புரோசெசர் ஏறாது. இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறை எல்ஜிஏ1700, அதற்கு முந்திய 10, 11 எல்ஜிஏ1200. டிடிஆர்4 ராம் டிடிஆர்5 துளையில் போகாது, வெட்டு இடம் மாறியிருக்கும். எல்ஜிஏ1700 போட்டுகளில் இரண்டு வகையும் இருப்பதால் போட்டின் முழுப் பெயரைப் படித்து வாங்குங்கள்.

வாய் பொருந்துவது மட்டும் போதாது. பி450 என்ற பழைய வகை மதர்போட்டில் ரைசன் 5 5600 அச்சாகப் பொருந்தும், ஆனால் பயோஸ் பழையது என்றால் திரையே வராது. கடையில் வைத்தே பயோஸைப் புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். மாங்குளத்துக்குக் கொண்டுவந்த பிறகு அதைச் செய்யப் பழைய புரோசெசர் ஒன்றைத் தேடி அலைய வேண்டும்.

இன்டெல் புரோசெசரின் பெயர் முடிவில் "எஃப்" இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் இல்லை; ரைசன் 5 5600இலும் இல்லை, 5600ஜியில் உண்டு. கிராபிக்ஸ் இல்லாததை வைத்து மதர்போட்டின் எச்டிஎம்ஐயில் மொனிற்றரைச் செருகினால் இருட்டுத்தான். வயரைக் கார்ட்டில் செருகுங்கள். திரை வராதபோது மதர்போட்டின் ஓரத்தில் நான்கு குட்டி லைட் இருக்கிறதா என்றும் பாருங்கள்: சிபியு (புரோசெசர்), டிராம் (ராம்), விஜிஏ (கார்ட்), பூட் (விண்டோஸ் உள்ள டிஸ்க்). எதில் நின்றுகொண்டிருக்கிறதோ அங்கேதான் பிணக்கு.

கார்ட்டின் நீளமும் கூலரின் உயரமும் கேஸுக்குள் அடங்குமா என்று மில்லிமீற்றரில் பாருங்கள். மதர்போட்டில் நேரே பூட்டும் எம்.2 எஸ்எஸ்டி டிஸ்க் போட்டதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனால் அது சாகவில்லை. பல போட்டுகளில் எம்.2 துளை, ஹார்ட் டிஸ்க் செருகும் ஓரிரு சாட்டா வாயின் பாதையைப் பறித்துக்கொள்ளும், வேறு வாயில் செருகுங்கள். நேரம் ஒவ்வொரு முறையும் பழைய திகதிக்குப் போனால் போட்டின் வட்டப் பற்றரியை மாற்றுங்கள். திகதி பிழைத்தால் கேம் லொகின்கூட ஏறாது.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறையின் பெரிய புரோசெசர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கேம் தொடங்கும்போது "வீடியோ மெமரி போதாது" என்று வந்து மூடினால், கார்ட்டில் மெமரி தாராளமாக இருந்தும் வந்தால், சந்தேகிக்க வேண்டியது புரோசெசரை. கூடிய வோல்ட் கேட்டுத் தன்னைத் தானே தேய்த்துக்கொள்ளும் பிழையை இன்டெல் 2024இல் ஒப்புக்கொண்டு, ஓகஸ்டிலிருந்து பயோஸ் திருத்தங்களை வெளியிட்டது. பாதிக்கப்பட்ட வகைகளின் உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியது. பயோஸைப் புதுப்பித்தால் மேலும் தேயாது. தேய்ந்தது திரும்பாது, மாற்றித்தான் வாங்க வேண்டும்.

திருப்பி அனுப்புவது

எல்லாம் பார்த்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து, பாகம்தான் பழுது என்று முடிவானால் உத்தரவாதத்துக்கு அனுப்புங்கள். அனுப்புமுன் சீரியல் இலக்கம், கடை ஸ்டிக்கர், பில் துண்டு ஆகிய மூன்றையும் படம் எடுங்கள். ஸ்டிக்கர் கிழிந்தால் கதை முடிந்தது. மதர்போட் என்றால் புரோசெசர் வாயில் இருந்த பிளாஸ்ரிக் மூடியைத் தேடிப் பூட்டுங்கள். எல்ஜிஏ வாயில் ஒரு பின் வளைந்திருந்தாலும் "உங்கட பிழை" என்று திருப்பிவிடுவார்கள். அந்த மூடியை முதல் நாளே பெட்டிக்குள் போட்டுவைக்க வேண்டும். கொப்பியில் எழுதிய திகதிகளையும் நேரங்களையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். வெறுமனே "வேலை செய்யவில்லை" என்று போனது, பத்து நிமிடம் ஓன் செய்து பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று அதே பஸ்ஸில் திரும்பி வரும்.

மல்லாவித் தம்பிக்கு மொத்தச் செலவு ஒரு பிளக், நான்கு யார் தடித்த வயர், வயரிங் அண்ணைக்கு அரை நாள் கூலி. அம்மா மோட்டரைப் போடுமுன் இப்போதும் ஒருமுறை கூப்பிட்டுக் கேட்கிறாராம்: "தம்பி, போடட்டோ?"